சதையை நீக்கிய பிறகும் கண் உறுத்துவது ஏன்?

கண்ணில் வளர்ந்த சதையை அறுவை சிகிச்சையால் நீக்கிக்கொண்டவர்களிடமிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. “சதையைத்தான் எடுத்துவிட்டீர்களே, பிறகும் மணல் விழுந்தாற்போல உறுத்துகிறதே! மறுபடியும் வளர்கிறதா?” பெரும்பாலோர் திறத்தில் இதற்கு விடை, ‘இல்லை’ என்பதே. அந்த உறுத்தலுக்குக் காரணம் கண் வறட்சி. வறட்சி தானே தணியக்கூடியது. ஆனால் சதை திரும்பி வந்துவிட்டதோ என்ற அச்சத்தால் சிலர் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் மருந்துக் கடையில் ‘சிவப்பு மாற’ ஏதேனும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்கிறார்கள். வறட்சியைவிட இவ்விரண்டும் கண்ணுக்குக் கேடானவை.

மருத்துவர்கள் இச்சதையை ‘டெரிஜியம்’ என்பர். சிறு இறக்கை என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. வெள்ளை விழியின் மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு தடித்து, இறக்கை விரிந்தாற்போலக் கருவிழியின் மேல் ஏறுவதே இந்நோய். சுசுருத சங்கிதை இதனை ‘அர்மம்’ என்று குறித்து, அறுத்து நீக்கும் முறையையும் கூறுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்ப நாடுகளில் இது மிகுதி. சங்கர நேத்ராலயா நடத்திய சென்னைக் கண் அழுத்த நோய் ஆய்வு, சென்னை நகருடன் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் கிராமங்களிலும் 40 வயதைக் கடந்தவர்களைப் பரிசோதித்தது. அவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இச்சதை வளர்ச்சி இருந்தது. பொன்னேரி வயல்களில் நிற்பவர், பழவேற்காட்டு ஏரியில் வலை வீசுபவர், செங்கல் சூளையில் உழைப்பவர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் பணிபுரிபவர் எனப் பலரும் இதற்கு ஆளாகிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர், தூசி, அனல் காற்று ஆகியவை இவர்களுக்கு நாள்தோறும் உள்ளவை.

இச்சதை பெரும்பாலும் மூக்குப் பக்கமாகவே வளர்வதை நீங்கள் கவனித்திருக்கலாம். பொட்டுப் பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கருவிழி ஒரு வில்லையைப் போல வளைத்து, எதிர்ப்புறமாகிய மூக்கோரத்தில் குவிக்கிறது. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ விளக்கிய உண்மை இது. ஆகவே, முன்புறத்தை மட்டும் மறைக்கும் கண்ணாடி போதாது. பக்கவாட்டையும் மூடும் கண்ணாடியே பயன் தரும்.

இனி வறட்சிக்கு வருவோம். கண்ணீர் வெறும் நீர் அன்று. கருவிழியை ஒட்டி வழவழப்பான கோழைப் பகுதி, அதன்மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே நீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய்ப் பூச்சு என இவை சேர்ந்த மெல்லிய படலம் அது. நாம் இமைக்கும்போதெல்லாம் இப்படலம் புதிதாக விரிகிறது. மேடான சதை இருக்கும் கண்ணில் அது சீராக விரிவதில்லை. எனவே அறுவைக்கு முன்பே பலருக்கு ஓரளவு வறட்சி இருந்திருக்கும். சதையை எடுத்தவுடன் நிலைமை சிறிது காலம் இன்னும் மோசமாவதுபோலத் தோன்றும். கருவிழியின் உணர்வு நரம்புகள் சில அறுபட்டிருக்கும். கண்ணீரைச் சுரக்கவும் இமைக்கவும் தூண்டுபவை அவையே. கோழை சுரக்கும் நுண்ணறைகளும் அவ்விடத்தில் குறைந்திருக்கும். சதை இருந்த இடத்தில், உங்கள் கண்ணின் மேற்பகுதியிலிருந்தே எடுத்த மெல்லிய சவ்வை ஒட்டியிருப்பார்கள். சதை திரும்ப வளர்வதைப் பெரிதும் குறைக்கும் முறை இதுவே. அந்த ஒட்டு முதலில் வீங்கி மேடாக நிற்கும். தையல் இட்டிருந்தால் அதன் முனையும் குத்தும். போதாக்குறைக்கு, சொட்டு மருந்துகள் பலவற்றில் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் பொருளும் கண்ணின் மேற்பரப்பைச் சற்று உலர்த்தக்கூடியது. வீக்கம் வற்றி நரம்புகள் தேறத் தேற உறுத்தல் குறையும். பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் தணிந்துவிடுகிறது.

“கண்ணில் நீர் வழிகிறதே, இதையா வறட்சி என்கிறீர்கள்?” என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். உலர்ந்த கருவிழி எரியும்போது மூளை அவசரமாக நீரைப் பெருக்குகிறது. அந்த நீரில் கோழையும் எண்ணெயும் போதிய அளவு இல்லாததால் அது விழியில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது. ஐயம் இருந்தால் எளிய பரிசோதனைகள் உள்ளன. கீழ் இமையில் ஒரு தாள் பட்டையைச் செருகி, 5 நிமிடத்தில் அது எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது ஒன்று. 5 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் நீர்ச் சுரப்பு போதவில்லை என்று கொள்ளலாம். மஞ்சள் சாயமிட்டு, இமைக்காதபோது படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று காண்பது மற்றொன்று. 10 விநாடிக்குள் உடைந்தால் அது குறைபாடு.

செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகள்தாம் இதற்கு முதல் மருந்து. ஒரு வேளைக்கு ஒரு துளி போதும். அதற்குமேல் கண்ணில் இடமில்லை, மிகுதி வெளியே வழியும். மற்றொரு மருந்தும் இட வேண்டியிருந்தால் 5 முதல் 10 நிமிடம் இடைவெளி விடுங்கள். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாப்பொருள் சேராத வகையைத் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். தாய்ப்பால், பன்னீர், நந்தியாவட்டைச் சாறு முதலியவற்றை இடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்வதுதான் என்றாலும், ஆறாத புண்ணில் கிருமியைச் சேர்க்கும் வழி அது.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் அழற்சியை அடக்க அது இன்றியமையாதது. சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்தப்படும். உறுத்துகிறது என்று அதை முன்கூட்டி நிறுத்தினால் அழற்சி தலைதூக்கும்; சதை திரும்ப வளரவும் இடமுண்டாகும். மாறாக, இதமாக இருக்கிறதே என்று பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி இட்டால், சிலருக்குக் கண்ணின் உள் அழுத்தம் ஏறும். வலியோ சிவப்போ இல்லாமல் பார்வை நரம்பை அரிக்கும் அழுத்தம் அது. இழந்த பார்வை மீளாது. உடன் இருந்து கவனிப்பவர்கள், எந்தப் புட்டி எந்த நாளோடு முடிகிறது என்பதை அதன் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பது கும்மிடிப்பூண்டிப் பகுதியில் மருந்தை விடவும் பெரிய கேள்வி. உலையருகிலும் வெல்டிங் பட்டறையிலும் அனலும் கதிரும் ஒருசேரத் தாக்கும். மருத்துவர் ஒப்புக்கொள்ளும் வரை அங்கே செல்லலாகாது. கூலி போய்விடுமே என்று முதல் வாரத்திலேயே போய் நிற்பவர்கள் உள்ளனர். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளர், உரிய சந்தா நாட்கள் நிறைந்திருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஓராண்டில் 91 நாள் வரை சராசரி ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்காலப் பயனாகப் பெறலாம். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இது பொருந்தும். சான்று கேட்கத் தயங்க வேண்டாம். பைக்கில் செல்லும்போது தலைக்கவசத்தின் முன்கண்ணாடியை இறக்கிவிடுங்கள். புறநகர் ரயிலில் வாசற்படியருகே காற்றுக்கு எதிராக நிற்காதீர்கள்.

வறட்சியா, மறுவளர்ச்சியா என்று வீட்டிலேயே ஓரளவு அறியலாம். வறட்சியின் உறுத்தல் மாலையில் கூடும். கண்ணை மூடி ஓய்ந்தாலோ செயற்கைக் கண்ணீர் இட்டாலோ குறையும். மறுவளர்ச்சியில் உறுத்தலைவிடத் தோற்றமே சாட்சி: சிவந்த நாளங்கள் பழைய இடத்திலிருந்து கருவிழியின் விளிம்பைத் தாண்டி ஏறும். இது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் கைபேசியில் கண்ணைப் படமெடுத்து வைத்து, மறுபரிசோதனைக்கு வரும்போது காட்டுங்கள். நினைவிலிருந்து சொல்வதைவிட அது தெளிவாக உதவும்.

கடும் வலி, பார்வை மங்கல், கெட்டியான பீளை, ஒட்டிய சவ்வு விலகியதுபோன்ற தோற்றம், கருவிழியில் வெண்புள்ளி அல்லது குழிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும், குறித்த நாள் வரட்டும் என்று காத்திராமல் அன்றே கண் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.