உஷார்! இரண்டு முத்திரை போட்டு வரும் 'டாக்டர்' பட்டம்

பெங்களூருவில் பள்ளி முதல்வராகவோ, கல்லூரியில் துறைத் தலைவராகவோ, பி.எட். கல்லூரி நிர்வாகியாகவோ இருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்த மாதிரி ஒரு விளம்பரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கும், அல்லது சீக்கிரமே வரும்: கல்வித் தலைவர்களுக்கான பிஎச்.டி., இரண்டு பல்கலைக்கழகங்களின் கூட்டுத் திட்டம், நுழைவுத் தேர்வு கிடையாது, வேலையை விட வேண்டாம், வார இறுதியில் ஆன்லைன் வகுப்பு, ஒன்றரை வருடத்தில் டாக்டர். கீழே இரண்டு பல்கலைக்கழக முத்திரைகள், 'இன்றே கடைசி நாள்' என்ற எச்சரிக்கை, ஒரு கைப்பேசி எண்.

தயவுசெய்து பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

ஏன் நம்மைக் குறிவைக்கிறார்கள்?

நமக்கு அந்தப் பட்டம் தேவைப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளின்படி கல்லூரி முதல்வராக பிஎச்.டி. கட்டாயம், அதோடு 15 ஆண்டுப் பணியனுபவமும் 10 ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். பி.எட். கல்லூரி முதல்வர் பதவிக்கும் தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014 முதல் பிஎச்.டி. கேட்கிறது. இருபது வருடம் வகுப்பெடுத்தவர், சம்பளத்தில் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் ஃபீஸும் போக மிச்சம் பிடிப்பவர், ஒரே ஒரு பட்டம் இல்லாததால் பதவி உயர்வை இழந்து நிற்கிறார். அந்த ஏக்கத்தைத்தான் காசாக்குகிறார்கள்.

ஒப்பந்தம் பட்டம் தராது

இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பட்டம் வழங்கும் உரிமை சட்டத்திலிருந்து வருவது. 1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 22ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் தரலாம். இரண்டு பேர் மேடையில் கைகுலுக்கிப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதால் மட்டும் புதிதாக எந்த அதிகாரமும் பிறக்காது.

வெளிநாட்டிலும் இதே நிலைதான். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தால் கல்வித் தலைமைக்கான எட்.டி. முனைவர் பட்டத்தை வெகுகாலம் தனியாக வழங்க முடியவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற இன்னொரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துதான் வழங்கியது. 2005இல் சட்டம் இயற்றிய பிறகே அதற்குச் சொந்த உரிமை கிடைத்தது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கே அங்கே சட்டம் தேவைப்பட்டது என்றால், நம் ஊரில் வாடகை அறையில் உட்கார்ந்திருக்கும் கன்சல்டன்சி எம்மாத்திரம்?

நம் கண் முன்னே நடந்தவை

'அரசுப் பல்கலைக்கழகம்தானே, பயமில்லை' என்பவர்கள் மைசூருவைப் பார்க்க வேண்டும். அங்கே உள்ள கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1996இல் மாநிலச் சட்டத்தால் உருவானது. தனியார் நிறுவனங்களோடு கூட்டு வைத்து, கர்நாடகத்துக்கு வெளியேயும் மாணவர்களைச் சேர்த்தது. 2015 ஜூனில் யுஜிசி, 2012-13க்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று அறிவித்தது. அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது 2018 ஆகஸ்டில், அதுவும் 2018-19 கல்வியாண்டிலிருந்துதான். நடுவில் படித்தவர்கள் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்கும் மேற்படிப்புக்கும் அல்லாடினார்கள்.

தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15க்குப் பிறகு தன் ஒப்புதல் இல்லை என்று 2022 மார்ச்சில் யுஜிசி அறிவித்தபோதும், எத்தனை தமிழ்க் குடும்பங்கள் பதறின!

முனைவர் பட்டத்திலேயே நடந்ததும் உண்டு. ராஜஸ்தானில் ஓபிஜேஎஸ், சன்ரைஸ், சிங்கானியா என்ற மூன்று பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. விதிகளைப் பின்பற்றவில்லை என்று கண்டு, 2025 ஜனவரியில் யுஜிசி அவற்றுக்குத் தடை போட்டது. 2025-26 முதல் 2029-30 வரை அவை பிஎச்.டி.க்கு ஆள் சேர்க்கக் கூடாது. ஆகவே பல்கலைக்கழகம் அசல்தானா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. பிஎச்.டி. கொடுக்கும் முறையும் சரியா என்று பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுக் கூட்டு என்றால் இரட்டை எச்சரிக்கை. எட்டெக் நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து தரும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என்று யுஜிசியும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் சேர்ந்தே எச்சரித்தன. 2023 டிசம்பரில் யுஜிசி மறுபடியும் எச்சரித்தது. ஃபிரான்சைஸ் முறையில் வாங்கிய வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்று கிடையாது என்பது 2025ஆம் ஆண்டு விதி.

விளம்பரத்தை இப்படிப் படியுங்கள்

2022 நவம்பரில் வந்த பிஎச்.டி. விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

'ஒன்றரை வருடம்' என்கிறார்களா? குறைந்தபட்சம் 3 ஆண்டுகள்.

'முழுக்க ஆன்லைன்' என்கிறார்களா? ஆன்லைனிலோ தொலைதூர முறையிலோ பிஎச்.டி. தரவே அனுமதி இல்லை.

'நுழைவுத் தேர்வு இல்லை' என்கிறார்களா? நெட் போன்ற தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண் வேண்டும், அல்லது பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வும் நேர்முகமும் வேண்டும்.

'வேலையிடத்துக்குத் தெரிய வேண்டாம்' என்கிறார்களா? பகுதிநேர பிஎச்.டி. செய்யலாம், அதில் தவறே இல்லை. ஆனால் உங்கள் நிர்வாகத்தின் தடையில்லாச் சான்று (என்ஓசி) கட்டாயம்.

'தீசிஸ் நாங்களே தயார் செய்து தருகிறோம்' என்கிறார்களா? அந்த நிமிடமே எண்ணை பிளாக் செய்யுங்கள். அது ஏமாற்று வேலை. மாட்டினால் பறிபோவது உங்கள் பெயர்.

கடைசியாக, ரசீதைப் பாருங்கள். முத்திரை பல்கலைக்கழகத்துடையதாக இருக்கும். பணம் போகும் கணக்கு ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட்டின் பெயரில் இருக்கும். அசல் பல்கலைக்கழகம் தன் பெயரிலுள்ள கணக்கில்தான் கட்டணம் வாங்கும்.

பத்து ரூபாயில் உண்மை தெரியும்

பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால் ஞானபாரதி வளாகத்துக்கே போய்க் கேளுங்கள். தூரத்துப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். நான்கு கேள்விகள் போதும்: இந்தக் கூட்டுத் திட்டத்துக்கு உங்கள் கல்விக் குழு ஒப்புதல் தந்ததா? இந்த நெறியாளர் உங்கள் அங்கீகாரம் பெற்றவரா? அவரிடம் இடம் காலியா? பட்டச் சான்றிதழை வழங்கப்போவது யார்? மூன்றாவது கேள்வி முக்கியம். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் எடுக்கலாம். நெறியாளர் இதற்கு முன் வழிநடத்திய ஆய்வேடுகளை 'சோத்கங்கா' தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

நேர்வழி இருக்கிறது

முறையான கூட்டு நம் ஊரிலேயே உண்டு. நாகரபாவியில் வி.கே.ஆர்.வி. ராவ் 1972இல் தொடங்கிய சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தில் ஆய்வு செய்பவர்களுக்கு மைசூரு பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது. ஆய்வு எங்கே, பட்டம் யாருடையது என்பதில் அங்கே ஒளிவுமறைவு இல்லை. கல்வி நிர்வாகத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு டெல்லியில் 'நீபா' என்ற தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம் பகுதிநேர பிஎச்.டி. நடத்துகிறது. வெளிநாட்டோடு சேர்ந்த கூட்டுப் பட்டத்துக்கும் 2022 மே மாத விதிகள் வழி வைத்திருக்கின்றன: உலகத் தரவரிசையில் முதல் 1000 இடங்களுக்குள் இருக்கும் நிறுவனம், இரு பக்கமும் ஒவ்வொரு நெறியாளர், இரண்டு இடத்திலும் குறைந்தது ஒரு செமஸ்டர். வீட்டு நாற்காலியை விட்டு எழாமல் அது கிடைக்காது.

'வயதாகிறதே' என்று ஆசிரியைகள் அவசரப்பட வேண்டாம். பிஎச்.டி.க்கான ஆறு ஆண்டு வரம்பு முடிந்தாலும் மறுபதிவு உண்டு. பெண்களுக்குக் கூடுதல் சலுகையும் சேர்த்து மொத்தம் 10 ஆண்டுகள் வரை விதி இடம் தருகிறது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? அடுத்த தவணையை நிறுத்துங்கள். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரம் எதையும் அழிக்காதீர்கள். ஆன்லைனில் கட்டியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். யுஜிசிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். அந்தப் பட்டத்தைப் பதவி உயர்வு விண்ணப்பத்தில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், ஏமாந்தவர் ஏமாற்றியவராகிவிடுவார். வெட்கப்பட்டு மூடி வைக்கவும் வேண்டாம். நீங்கள் மறைத்தால் பக்கத்து ஸ்டாஃப் ரூமில் இன்னொருவர் சிக்குவார்.

யுஜிசி சட்டத்தின் 24ஆம் பிரிவில் போலிப் பட்டத்துக்கான அபராதம் 1,000 ரூபாய் வரைதான். அந்தத் தொகைக்கு எந்த மோசடிக்காரரும் பயப்படப்போவதில்லை. அதனால் நம்மை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரமே உங்கள் பள்ளி, கல்லூரி ஆசிரியர் குழுவில் இதைப் பேசுங்கள். யாராவது அட்மிஷனுக்கு முன்பணம் எடுத்து வைத்திருந்தால், பதிவாளரிடமிருந்து எழுத்தில் பதில் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்ட விடாதீர்கள்.