ஒலிக்கோப்பில் செய்தி மறைத்தல்

ஒலிக்கோப்பில் செய்தி மறைத்தல் என்பது எண்ணிம இசைக்கோப்பு ஒன்றினுள், கேட்பவர் அறியாவண்ணம், வேறொரு செய்தியைப் பொதிந்து அனுப்பும் நுட்பமாகும். மறைக்குறியாக்கம் செய்தியின் பொருளை மறைக்கிறது. இதுவோ செய்தி இருப்பதையே மறைக்கிறது.

இசைக் குறுந்தகட்டில் ஒலி அலையானது ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளில் எழுதப்படுகிறது. கடைசிப் பிட்டை மாற்றினால் 65,536 படிகளுள் ஒரு படி மட்டுமே பிறழும். காது அதனை உணராது. இரு தடங்களின் கடைசிப் பிட்டுகளிலும் சேர்த்து நொடிக்கு 11,025 பைட்டுகளை மறைக்கலாம். எடுத்துக்காட்டாக, காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் பதிவு செய்த நாதசுவர இசையின் அரை நிமிடத்துக்குள், ஒருங்குறியில் எழுதிய திருக்குறள் முழுவதும் அடங்கிவிடும்!

ஆயினும் இம்மறைவிடம் நிலையற்றது. அப்பதிவைக் காரைக்கால் பண்பலை வானொலி ஒலிபரப்பி, அதனை ஒருவர் மீண்டும் பதிவு செய்தால் நாதசுவரம் கேட்கும், குறள் கிடைக்காது. எம்பி3 சுருக்கமும் காதுக்குப் புலப்படாதவற்றையே நீக்குவதால் விளைவு இதுவே. எனவே 1998இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் பாபியன் பெட்டிகோலா எழுதிய எம்பி3ஸ்டெகோ என்னும் மென்பொருள், சுருக்கும்போதே செய்தியைப் பொதிகிறது. அக்கோப்பை விரித்து மீண்டும் சுருக்கினால் அதுவும் அழிந்துவிடும்.

கடைசிப் பிட்டுகளின் பரவலைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து மறைப்பைக் கண்டறியவும் இயலும். ஆதலால் செய்தியை முதலில் மறைக்குறியாக்கிப் பின்னர் பொதிவதே நன்று.