அரைப்புள்ளி

"ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா?"

"டிரா."

"நாலு மணி நேரம் உக்காந்து டிராவா?"

போனில் இதற்குப் பதில் சொல்ல வரவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

கல்யாண மண்டபத்தில் நடந்த செஸ் ரேட்டிங் போட்டி. பந்தி மேஜைகளில்தான் போர்டுகள். எதிரே பதினோரு வயசுப் பையன்; கால் தரையை எட்டவில்லை. ரேட்டிங்கில் என்னைவிட நூறு குறைவு. டிரா என்றால் ஆளுக்கு அரைப்புள்ளி, ஆனால் ரேட்டிங் எனக்கு இறங்கும், அவனுக்கு ஏறும். 52வது மூவை ஆடிவிட்டு "டிரா, அங்கிள்?" என்று கேட்டுக் கிளாக்கை அமுக்கினான். அந்த வரிசையில்தான் கேட்க வேண்டும் என்பது விதி. நான் தலையாட்டி மறுத்தேன். என்னிடம் ஒரு சிப்பாய் கூடுதல் இருந்ததே!

என் ராஜா, யானை, ஐந்தாம் வரிசையில் அந்தச் சிப்பாய். அவனுக்கு ராஜாவும் யானையும் மட்டும். பையன் தன் ராஜாவைச் சிப்பாயின் பாதையில், கடைசி வரிசையில் நிறுத்தினான். யானையை என் ஆறாம் வரிசைக்குக் குறுக்கே சுவர்போல வைத்தான். என் ராஜா அந்த வரிசையில் கால் வைக்க முடியாது. அவன் யானை சும்மா இடமும் வலமுமாக உலாத்தியது. பொறுக்காமல் சிப்பாயை ஆறுக்குத் தள்ளினேன். அடுத்த நொடி அவன் யானை கீழே முதல் வரிசைக்கு ஓடியது. அங்கிருந்து செக், செக், மறுபடி செக். சிப்பாய் முன்னே போய்விட்டதால் என் ராஜா ஒளிய மறைவே இல்லை.

பிரெஞ்சுக்காரர் பிலிடோர் 1777இல் விளக்கிய தற்காப்பு இது. அவர் ஆபரா இசையமைப்பாளரும்கூட. நானும் படித்ததுதான், எதிராளிக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்ததுதான் கோளாறு.

பிறகு பையன் அடுத்த மூவை ஆடாமல் ஸ்கோர் ஷீட்டில் மட்டும் எழுதி, கிளாக்கை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினான். ஆர்பிட்டர் இரண்டு ஷீட்டையும் வைத்து ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பார்த்தார். அதே நிலை, ஆட வேண்டியதும் அதே ஆள், மூன்றாம் முறை. டிரா. ஷீட்டுகளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

வராந்தாவில் அவனே காய்களை மறுபடி அடுக்கினான்.

"38வது மூவ்ல யானையை மாத்தாம ராஜாவை முன்னால விட்டிருந்தா நான் காலி, அங்கிள்."

ஆடிக் காட்டினான். காலிதான்.