ஏற்பியும் துணைப்புரதமும்

நரம்பணுக்கள் இரண்டு கூடுமிடத்தை நரம்புச் சந்தி என வழங்குவாம். சந்தி என்னும் சொல் தமிழ் பயில்வார்க்குப் புதிதன்று. ஆயினும், எழுத்துப் புணர்ச்சியில் நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் ஒட்டி நிற்கும். கடத்திப் பொருளால் இயங்கும் நரம்புச் சந்தியிலோ அணுக்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டற்கும் இடையே ஏறத்தாழ 20 நானோமீட்டர், அஃதாவது ஒரு மில்லிமீட்டரில் 50,000இல் ஒரு பங்கு, வெளி உண்டு. செய்தி விடுக்கும் அணு அவ்வெளியில் நரம்புணர்வு கடத்தியைச் சொரிகின்றது. செய்தி பெறும் அணுவின் சவ்வில் பதிந்து நின்று அதனைப் பற்றிக்கொள்ளும் புரதமே ஏற்பி.

மூளையில் கிளர்ச்சியூட்டும் கடத்திகளுள் தலையாயது குளூட்டமேட். அதனைப் பற்றும் ஏற்பிகளுள் விரைந்து தொழிற்படுவது ஆம்பா ஏற்பி. நான்கு புரதக் கூறுகள் நடுவே ஒரு துளை அமையுமாறு கூடி நிற்பது இதன் வடிவம். குளூட்டமேட் பொருந்தியதும் துளை திறக்கும். சோடிய அயனிகள் உட்புகும். சில மில்லிநொடிகளுள் துளை மூடிக்கொள்ளும். இந்நான்கு கூறுகளே இத்தொழில் முழுவதற்கும் போதுமானவை என்றே 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அறிஞர் பலரும் கருதினர். அக்கருத்தை மாற்றியது ஒரு சுண்டெலி வகை.

அமெரிக்க நாட்டின் மெயின் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் என்னும் எலி வளர்ப்பு நிலையம் உளது. அங்குத் தோன்றிய ஒரு வகைச் சுண்டெலி நடை தள்ளாடித் தலையை மேல்நோக்கி அடிக்கடி வெட்டிக்கொள்ளும். வானத்து மீன்களை நோக்குவது போன்ற அத்தோற்றம் பற்றி, விண்மீன் நோக்கி என்னும் பொருள்பட 'ஸ்டார்கேசர்' எனப் பெயரிட்டனர். 1990இல் அதன் மூளையை ஆராய்ந்தோர் நினைவு நொடிப்பொழுது அறுபடும் வலிப்பு வகையும் அதற்கு உண்டெனக் கண்டனர். பழுதுற்ற மரபணு எதுவென்பது 1998இல் தெளிவாயிற்று. அம்மரபணு ஆக்கும் புரதத்திற்கு ஸ்டார்கேசின் என்பது பெயர். தசையிலுள்ள கால்சிய வாயிலின் ஓர் உறுப்பை அது வடிவில் ஒத்திருந்தமையின், இதுவும் கால்சிய வாயிலின் உறுப்பே என முதலில் எண்ணினர். உருவொப்புமையைக் கொண்டு தொழிலொப்புமையைத் துணிதல் சொல்லாராய்ச்சியிலும் நேர்வதுண்டு.

உண்மை வேறாயிற்று. அவ்வெலியின் சிறுமூளையிலுள்ள சிறுமணி நரம்பணுக்களைச் சோதித்தபொழுது, ஆம்பா ஏற்பியின் வழியே எழவேண்டிய மின்னோட்டம் அங்குக் காணப்படவில்லை. அணு ஏற்பிகளை ஆக்கிக்கொண்டுதான் இருந்தது. அவை சவ்வின் புறத்தே வந்து சேரவில்லை. 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் செய்த ஆய்வு இதனை மேலும் நுணுகி விளக்கிற்று. பழுதுற்ற அணுக்களுக்கு முழுமையான ஸ்டார்கேசினை அளித்தபொழுது ஏற்பிகள் சவ்வுக்கும் வந்தன, சந்தியிலும் அமர்ந்தன. அப்புரதத்தின் வால்நுனியை மட்டும் அறுத்து அளித்தபொழுதோ ஏற்பிகள் சவ்வுக்கு வந்தன, சந்தியில் அமரவில்லை. ஆகவே, அணுவின் உள்ளிருந்து புறத்தே கொணர்தல் ஒரு தொழில். சந்தியில் நிலைநிறுத்தல் வேறொரு தொழில் என்பது பெறப்பட்டது. ஒரே புரதம் இரண்டனையும் செய்கின்றது. இத்துறையில் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டிய சோதனைகள் சிலவே என்பது எம் கருத்து.

வால்நுனி பற்றிக்கொள்ளும் பொருள் பி.எஸ்.டி. 95 என்னும் புரதம். சந்தியில் ஏற்பிகள் அமரும் தளத்தை ஆக்குவனவற்றுள் அது முதன்மையானது. ஸ்டார்கேசினின் வால் நேர்மின்னேற்றம் உடையது. சவ்வின் உட்புறமோ எதிர்மின்னேற்றம் உடையது. ஆதலின் வால் சவ்வோடு ஒட்டிக் கிடக்கும். அணு மிகுதியாகக் கிளர்ச்சியுறுங்கால் நொதிகள் வாலில் பாஸ்பேட்டுக் கூறுகளைச் சேர்க்கின்றன. அவை எதிர்மின்னேற்றம் உடையனவாதலின் வால் சவ்வை விட்டு நெகிழ்ந்து, தளத்தை எட்டிப் பற்றுகின்றது. ஏற்பியும் அவ்விடத்தே தங்குகின்றது. கற்றல், நினைவு ஆகியவற்றுக்கு அடிப்படை எனக் கருதப்படும் சந்தி வலுப்பெறுதல் என்னும் நிகழ்ச்சியில் இதற்குப் பங்கு உண்டு.

கொணர்ந்து நிறுத்துவதோடு துணைப்புரதத்தின் வேலை முடிவதில்லை. 2005இல் வெளிவந்த ஆய்வு, ஸ்டார்கேசின் உடனிருப்பின் துளை மூடுதல் தாழ்க்கின்றது என்றும், ஏற்பி சோர்வுறுதலும் குறைகின்றது என்றும் காட்டிற்று. ஏற்பி அதுவே; கடத்தியும் அதுவே; உட்புகும் மின்னோட்டத்தின் அளவு மட்டும் வேறாகின்றது.

துணை என்னும் அடைமொழியைப் பற்றி ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். துணை என்றவுடன் இன்றியமையாதது அன்று என்னும் பொருள் தோன்றிவிடுகிறது. இலக்கண வழக்கில் இதற்கு நெருங்கியது இடைச்சொல்லே. அது பெயரையும் வினையையும் சார்ந்தன்றித் தனித்து இயங்காது என்பதைத் தொல்காப்பியத்து இடையியல் பயின்றார் அறிவர். 'அவன் வந்தான்', 'அவனே வந்தான்', 'அவனும் வந்தான்' என்னும் மூன்றிலும் பெயரும் வினையும் மாறவில்லை, பொருள் மாறிற்று. ஸ்டார்கேசினும் தனித்து ஒரு வாயிலாக இயங்குவதன்று. சார்ந்து நின்று ஏற்பியின் பொருளை மாற்றுவது. ஆயினும் உவமை முற்றும் பொருந்தாது. ஏகாரத்தை நீக்கினும் அவன் வருகின்றான். சிறுமணி நரம்பணுவில் ஸ்டார்கேசினை நீக்கினால் ஏற்பி வருவதேயில்லை.

அங்ஙனமாயின் அவ்வெலி எவ்வாறு உயிர் வாழ்ந்தது? ஸ்டார்கேசினுக்கு உடன்பிறப்புகள் உண்டு. காமா 2 என எண்ணப்படும் இதனோடு காமா 3, 4, 8 ஆகியன நெருங்கிய உறவின. காமா 5, 7 ஆகியன சற்றே வேறுபட்டன. மூளையின் பிற பகுதிகளில் இவை ஒன்றன் குறையை மற்றொன்று பெரிதும் ஈடுசெய்கின்றன. சிறுமணி நரம்பணுக்களில் அவ்வாறு ஈடுசெய்ய வல்லது இல்லாமையால் பழுது அங்கே வெளிப்பட்டது. இக்குடும்பத்தைச் சேராத துணைகளும் உள. அவற்றுள் ஒரு வகையை 2009இல் கண்டனர். கார்னிஷான் என்பது அதன் பெயர். பழ ஈயில் இம்மரபணு பழுதுற்றால் முட்டை வெள்ளரிப்பிஞ்சு போன்ற வடிவு கொள்ளும். அதனால் ஊறுகாயிடும் வெள்ளரிப்பிஞ்சின் பிரெஞ்சுப் பெயரையே இட்டுவிட்டனர்.

இவ்வேறுபாடு மருத்துவத்தில் பயன்பட்டமை குறிக்கத்தக்கது. ஆம்பா ஏற்பிகளைத் தடுக்கும் பெரம்பானெல் என்னும் வலிப்பு மருந்துக்கு 2012இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் கிடைத்தது. அது ஏற்பி எங்கிருப்பினும் தடுப்பதாதலின், உண்போர் பலர்க்குத் தலைச்சுற்றல் உண்டாகின்றது. காமா 8 என்னும் துணைப்புரதமோ முன்மூளையில், அதிலும் வலிப்பு பெரும்பாலும் கிளம்புமிடங்களுள் ஒன்றாகிய ஹிப்போகாம்பசில், மிகுந்தும் சிறுமூளையில் மிகக் குறைந்தும் உள்ளது. அத்துணையோடு கூடிய ஏற்பிகளை மட்டும் தடுக்கும் சேர்மம் ஒன்றை 2016இல் வெளியிட்டனர். கொறிவிலங்குகளில் அது வலிப்பைத் தடுத்தது. பிற ஆம்பாத் தடுப்பிகள் விளைக்கும் தள்ளாட்டத்தை விளைக்கவில்லை.