பழைய கேசட்டா? புதுக் கைப்பேசியா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு மாணவன் ஒருவன்)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, 'செயற்கைக்கோள்', 'ரோபோ' என்றெல்லாம் பெரிய தலைப்புகள்தான் முதலில் ஞாபகம் வந்தன. ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? இந்த வருஷம் நம்ம ஹாஸ்டலில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி வேற. "மச்சான், அந்தப் பழைய கதை கேம் எல்லாம் இப்ப போன்லயே வருதாமே, வாங்கலாமா? இல்ல, பழசையே தேடிப் பிடிச்சு ஆடணுமா?" இதுதான். அதற்கான பதில்தான் இக்கட்டுரை.

கதையாட்டம் என்றால் என்ன?

'ரோல் பிளேயிங் கேம்' என்பதைத்தான் கதையாட்டம் என்கிறேன். நம் பக்கத்துத் தெருக்கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேடம் கட்டியவன் இரவெல்லாம் அந்தப் பாத்திரமாகவே வாழ்கிறான். இதிலும் அப்படித்தான். நீங்கள் ஒரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ ஊர் ஊராகப் போக வேண்டும், நாலு பேரிடம் பேச வேண்டும், சண்டையிட்டு அனுபவப் புள்ளி சேர்த்து வளர வேண்டும். ஒரு ஆட்டம் முடிய சாதாரணமாக 40 மணி நேரம் பிடிக்கும்.

இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான விஷயம். 90களில் நம் ஊர்களில் டி.வி.யில் இணைத்து ஆடிய கேசட் கேம்களில் மேரியோ இருந்தது, கான்ட்ரா இருந்தது. ஆனால் கதையாட்டம் அநேகமாகக் கண்ணில் பட்டதே இல்லை. ஏன்? காரணங்களில் ஒன்று, ஒரு சின்ன பேட்டரி! மேரியோவை ஒரே மூச்சில் ஆடி முடித்துவிடலாம். 40 மணி நேர ஆட்டத்தை எங்காவது சேமித்தாக வேண்டுமே! ஜப்பானில் 1987ல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி முதல் பாகத்தின் கேசட்டுக்குள் ஒரு எஸ்-ரேம் சிப்பும், மின்சாரம் நின்றாலும் அதை உயிரோடு வைக்க ஒரு 3 வோல்ட் காசு பேட்டரியும் இருந்தன. மலிவு விலை நகல் கேசட்டில் அதையெல்லாம் யார் வைப்பார்கள்?

என் மாமா கதை

எனக்கு இந்தப் பைத்தியம் வந்தது என் தாய்மாமாவால். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். ஓவர்டைம் காசைச் சேர்த்து சென்னைக்குப் போய், செகண்ட் ஹேண்டில் ஒரு பிளேஸ்டேஷன் வாங்கி வந்தார். கூடவே ஃபைனல் ஃபேண்டஸி ஏழாம் பாகம். 1997ல் வந்த ஆட்டம், மூன்று சி.டி. மாதக்கணக்கில் ஆடி இரண்டாவது சி.டி.யை முடித்தார். மூன்றாவதை உள்ளே போட்டால்... கீறல்! கடைசிக் கட்டம் மட்டும் ஓடவே இல்லை. அப்புறம் கல்யாணம், குழந்தை, சவுதி வேலை. மெமரி கார்டு மட்டும் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில், பழைய ரேஷன் கார்டுகளோடு படுத்திருக்கிறது.

அந்த முடிவை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று நான் இறங்கியபோதுதான் 'ஒரிஜினலா, போனா' என்ற கேள்வி எனக்கே வந்தது.

ஒரிஜினல் என்பது எது?

பழசு எல்லாம் ஒரிஜினல் என்று நினைப்பது தவறு. மூன்று உதாரணங்கள் தருகிறேன்.

ஒன்று, டி.வி. முறை. நம் நாட்டில் பால், விநாடிக்கு 50 புலம். ஜப்பான், அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி., விநாடிக்கு 60 புலம். அங்கிருந்து வந்த பெட்டியை பால் மட்டுமே தெரிந்த பழைய டி.வி.யில் மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையில் தெரியும். சரி, பால் பதிப்பையே வாங்கலாம் என்றால், சரியாக மாற்றி அமைக்காத பல ஆட்டங்கள் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடின. பாட்டுக்கூட இழுத்துக்கொண்டு வரும்!

இரண்டு, ஒரிஜினலிலேயே இருந்த பிழை. ஃபைனல் ஃபேண்டஸி முதல் பாகத்தில் 'புத்தி' என்று ஒரு அளவு உண்டு. மந்திரத்தின் வலிமை அதைப் பொறுத்தது என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் நிரல் அந்த எண்ணைப் பயன்படுத்தவே இல்லை! 1994ல் வந்த ஆறாம் பாகத்திலும் அடியிலிருந்து தப்பிக்கும் 'எவேட்' அளவு வேலை செய்யவில்லை. பின்னால் வந்த பதிப்புகளில்தான் திருத்தினார்கள். நம் லேபில் மல்டிமீட்டரே தவறாகக் காட்டிய கதை மாதிரி!

மூன்று, பழைய மறுபதிப்புகள். 1995ல் சூப்பர் ஃபேமிகாமில் வந்த க்ரோனோ ட்ரிகர் மொத்தம் 32 மெகாபிட், அதாவது வெறும் 4 எம்.பி. கேசட் என்பதால் காத்திருப்பு என்பதே கிடையாது. அதையே 1999ல் பிளேஸ்டேஷன் சி.டி.யில் போட்டார்கள். கார்ட்டூன் காட்சிகள் சேர்ந்தன. ஆனால் மெனுவைத் திறந்தாலும் சண்டை வந்தாலும் சி.டி. சுற்றும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. இதுவும் பழசுதான். ஒரிஜினலா? இல்லை.

போனுக்கு வரும்போது என்ன ஆகிறது?

மாமா சொல்வார்: "அப்பர் ஒண்ணுதான்டா. லாஸ்ட் மாறிடுச்சுன்னா ஷூ வேற." காலணியின் மேல்தோலை அப்பர் என்பார்கள். அதை இழுத்து மாட்டும் கால் வடிவ அச்சுதான் லாஸ்ட். ஒரு அச்சுக்கு வெட்டின தோலை வேறு அச்சில் ஏற்றினால் ஒரு பக்கம் தளரும், ஒரு பக்கம் கடிக்கும். போன் பதிப்பும் அதே கதைதான்.

திரை: சூப்பர் ஃபேமிகாம் படம் பொதுவாக 256 × 224 புள்ளி. நம் போனைப் படுக்கையாகப் பிடித்தால் உயரம் 1080 புள்ளி என்று வையுங்கள். 1080ஐ 224ஆல் வகுத்தால் 4.82. முழு எண் இல்லை! நாலு மடங்கு பெரிதாக்கினால் 896. மேலும் கீழும் 92, 92 புள்ளி கறுப்பாக நிற்கும். அதை நிரப்ப இழுத்தால் சில புள்ளி தடிமன், சில புள்ளி மெலிவு, அல்லது எல்லாமே மங்கல். பழைய குழாய் டி.வி.யில் புள்ளிகள் தாமாகவே கொஞ்சம் கலந்து தெரியும். ஓவியர்களும் அதை மனதில் வைத்தே வரைந்தார்கள்.

கை: கண்ணாடியில் பட்டன் இருக்கும் இடம் விரலுக்குத் தெரியாது. மாறி மாறி அடிக்கும் சண்டைக்கு இது தொல்லையில்லை. மெனுவைத் தொடுவது இன்னும் சுலபம்கூட. ஆனால் ஆறாம் பாகத்தில் சாபின் என்ற மல்லன் அடிக்க, திசை பட்டன்களை வரிசையாக அழுத்த வேண்டும். ஏழாம் பாகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இடம் ஒன்று உண்டு. அங்கேதான் கண்ணாடி காலை வாருகிறது. ஒரு ப்ளூடூத் பேடு இருந்தால் பாதிப் பிரச்சனை தீரும். அந்த ஆட்டம் பேடை ஏற்குமா என்று முதலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஓவியமும் ஒலியும்: 2014ல் போனுக்கு வந்த ஆறாம் பாகத்தில் உருவங்களை வழவழப்பாகத் திரும்ப வரைந்தார்கள். ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. 2022ல் 'பிக்ஸல் ரீமாஸ்டர்' என்று மறுபடி புள்ளி ஓவியத்துக்கே திரும்பினார்கள். இசையும் புதிதாக அமைந்தது. ஆனால் ஆங்கில எழுத்துரு ஒல்லியாக, ஒட்டாமல் இருக்கிறது என்று அப்போதும் புகார்! டிராகன் குவெஸ்ட் எட்டாம் பாகம் 2004ல் பிளேஸ்டேஷன் 2ல் வந்தது. அதன் ஆங்கிலப் பதிப்பில் குரல் நடிப்பு உண்டு. 2014ல் வந்த ஆங்கில போன் பதிப்பில் குரல் இல்லை. திரையையும் செங்குத்தாகவே பிடிக்க வேண்டும். அதுவே பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுபவனுக்கு வரப்பிரசாதம்! குறையும் நிறையும் ஒரே இடத்தில்.

திருந்திய கதையும் உண்டு. க்ரோனோ ட்ரிகரின் 2018 கணினிப் பதிப்பு, போன் பதிப்பை அப்படியே தூக்கி வைத்தது போல வந்தது. பெரிய பெரிய தொடு பட்டன்கள், புள்ளிகளை மங்கலாக்கும் படம். ரசிகர்கள் விடவில்லை. அதே வருஷம் வரிசையாகத் திருத்தங்கள் விட்டு, பழைய பாணிப் படத்தையும் தேர்வாகக் கொடுத்தார்கள். ஆகவே விமர்சனம் படிக்கும்போது அது எந்தத் தேதியில் எழுதியது என்று பார்ப்பது முக்கியம்.

வாங்கினால் நமக்கே சொந்தமா?

இதுதான் பலர் யோசிக்காத இடம். கேசட் கையில் இருந்தால் அது உங்களுடையது. பேட்டரி செத்தால் சேமிப்புதான் போகும், ஆட்டம் போகாது. வேறு பேட்டரி பற்றவைக்க நமக்குத் தெரியாதா என்ன? (கழற்றினால் பழைய சேமிப்பு அழியும், ஜாக்கிரதை.) போனில் நிலைமை வேறு. 2017ல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் செயலிகள் அனைத்தும் ஐபோனில் ஓடாமல் போயின. திருத்தி வெளியிட ஆள் இல்லாத ஆட்டங்கள் அத்தோடு சரி. 2021 ஜூலையில் ஃபைனல் ஃபேண்டஸி ஐந்து, ஆறின் பழைய போன் பதிப்புகள் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டன. 2010ல் போனுக்கென்றே பிறந்த இன்ஃபினிட்டி பிளேடு 2018ல் கடையிலிருந்து மறைந்தது. அதற்கு 'ஒரிஜினல் கேசட்' என்று எதுவும் கிடையாதே, எங்கே போய்த் தேடுவது?

"அப்ப எமுலேட்டர்?" என்று கேட்பீர்கள். பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருள் அது. 2024 ஏப்ரலிலிருந்து ஆப்பிள் கடையிலும் அனுமதித்துவிட்டார்கள். நம் 1957ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவு, முறையாக வைத்திருக்கும் கணினி நிரலுக்கு, அது அழிந்துபோகாமல் காக்க ஒரு காப்பு நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் நம்மிடம் இல்லாத ஆட்டத்தை எங்கிருந்தோ இறக்குவது அந்தக் கணக்கில் வராது.

சரி, எதைத் தேர்வு செய்வது?

1. முதல் முறை ஆடுகிறீர்களா, கதைதான் முக்கியமா? சேமிக்க வசதியும் பிழை திருத்தமும் உள்ள போன் பதிப்பே போதும்.

2. சண்டை மாறி மாறி வருவதா, கைவேகம் கேட்பதா? முன்னது என்றால் போன். பின்னது என்றால் பேடு உள்ள கருவி.

3. எழுத்து படிக்க முடிகிறதா? 1998ன் பால்டர்ஸ் கேட் போன்றவை கணினித் திரைக்கென்று செய்தவை. அதன் புதிய பதிப்பு 2012ல் ஐபேடுக்கு வந்தபோது பொருந்தியது. சின்ன போனில் கண் வலிக்கும்.

4. சேமிப்பு எங்கே போகிறது? போன் தொலைந்தாலோ செயலியை நீக்கினாலோ 40 மணி நேர உழைப்பு திரும்புமா என்று முதலிலேயே பாருங்கள்.

5. பழைய கருவியும் டி.வி.யும் வீட்டில் நல்ல நிலையில் இருக்கிறதா? இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதில் ஒருமுறை ஆடிப் பாருங்கள். இல்லாவிட்டால் அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

6. செமஸ்டர் தேதி என்ன? சிரிக்காதீர்கள்! நாளுக்கு ஒரு மணி நேரம் என்றாலும் 40 நாள். டி.வி.யில் ஆடினால் அம்மா வந்து அணைப்பார்கள். போன் போர்வைக்குள்ளும் வரும். எனக்கு மைக்ரோகன்ட்ரோலரில் அரியர் விழுந்தது இப்படித்தான்.

முடிவு என்ன ஆயிற்று?

மாமாவின் மெமரி கார்டு போனில் நேரடியாக ஏறாது. ஆகவே போன் பதிப்பை வாங்கி முதலிலிருந்து தொடங்கினேன். அதில், வழியில் திடீர் திடீரென்று வரும் சண்டைகளை நிறுத்தி வைக்க ஒரு வசதி உண்டு. அவசரக்காரன் நான், நிறுத்திவிட்டேன். ஊர்களைக் கடகடவென்று தாண்டினேன். சண்டை இல்லையேல் அனுபவப் புள்ளி இல்லை. பெரிய எதிரிகள் மட்டும் அப்படியே காத்திருந்தார்கள். செம அடி!

போனில் மாமாவிடம் சொன்னேன். சிரித்தார். "மாப்ளே, சண்டையே இல்லாம போறதுன்னா அது டூர்டா. ஆன் பண்ணு. மெதுவா வா. நான் எங்கயும் போயிடல."

ஆன் செய்தேன். அரியர் பேப்பரை எழுதி முடித்த பிறகு, போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள், தம்பியின் போனில் வீடியோ கால் போட்டு அவரைக் காட்டச் சொல்லி, என் போனில் கடைசிச் சண்டையை ஆடினேன். அந்த முடிவுக் காட்சி முழுதும் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், "எங்க டி.வி.ல பாட்டு இதைவிடக் கனமா கேட்கும்டா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்ல. முடிச்சுட்டோம்" என்றார்.

நண்பர்களே! ஒரிஜினலில் இருக்கும் கனம் வேறுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கீறல் விழுந்த மூன்றாவது சி.டி.யைக் காட்டிலும், முடிவு வரை கூட்டிப் போகும் போன் மேல். எந்தப் பதிப்பு உங்களைக் கதையின் கடைசி வரை கூட்டிப் போகுமோ, அதைத் தேர்ந்தெடுங்கள். பழையதைத் தூக்கியும் எறியாதீர்கள்.

அந்த மெமரி கார்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. மாமா அடுத்த லீவில் வரும்போது, கீறல் இல்லாத மூன்றாவது சி.டி. ஒன்று யாரிடமாவது இருந்தால் எங்கள் ஹாஸ்டல் அறைக்கு வந்து சொல்லுங்கள். டீயும் சமோசாவும் என் செலவு!