ஹாங்க் ஸ்நோவும் புகைவண்டிப் பாட்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதிக் குடியானவரிடையே வழங்கிய பாட்டுகளினின்றும் கிளைத்தெழுந்த இசை 'கண்ட்ரி' எனப்படும். பிடிலும் கிட்டாரும் துணை நிற்க, ஒருவர் பட்ட பாட்டை எளிய சொற்களிற் கதையாகச் சொல்லிச் செல்வது அதன் இயல்பு. அம்மண்ணிற் பிறந்தோர்க்கே அது வாய்க்கும் என்று எண்ணியோர் பலர். அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியவர், அயல்நாட்டினின்றும் வந்து குடியேறிய ஹாங்க் ஸ்நோ ஆவர். அவருடைய வரலாற்றை ஈண்டு நினைவுகூர்வோம்.

அவர் 1914-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்துப் புரூக்ளின் என்னும் சிற்றூரிற் பிறந்தார். (நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் என மயங்கற்க.) பெற்றோர் இட்ட பெயர் கிளாரன்ஸ் யூஜீன். அவருக்கு எட்டு வயதாகையில் பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர். பிள்ளை பாட்டியாரிடம் விடப்பட்டான். அவ்வம்மையாரோ இரக்கமற்றவர், தாயைக் காணவும் தடை செய்தார். சிறுவன் இருப்புப்பாதை வழியே நடந்து, தாய் வாழ்ந்த லிவர்ப்பூல் என்னும் ஊருக்குச் செல்வான். திரும்ப மனமின்றி அவ்வூர்ப் புகைவண்டி நிலையத்தில் ஒதுங்கிக் கிடப்பான். தாய் மறுமணம் புரிந்தபின் அவ்வீட்டிலும் மாற்றுத்தந்தையின் அடியே கிடைத்தது. 12-ஆம் வயதில் மீன்பிடி கப்பலில் எடுபிடியாளாகக் கடலேறினான்.

தாயிடம் ஒரு மலிவான கிட்டார் இருந்தது. இருப்புப்பாதைத் தொழிலாளியாயிருந்து பாடகரான ஜிம்மி ராட்ஜர்ஸின் இசைத்தட்டுகளும் காதில் விழுந்தன. இவ்விரண்டுமே அவருக்கு ஆசான்கள். 1933-இல் ஹாலிபாக்ஸ் வானொலியிற் பாடினார். 1936-இல் மாண்ட்ரியலில் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனிக்கு முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அத்தொடர்பு 1981 வரை நீடித்தது. தம் மகனுக்கு ஜிம்மி ராட்ஜர்ஸ் என்றே பெயரிட்டார்.

கனடாவில் பெற்ற பெயர் எல்லைக்கு அப்பாற் செல்லவில்லை. 1940-களில் பழக்கிய குதிரையோடு அமெரிக்காவில் வேடிக்கை காட்டியும் பயனில்லை. எர்னஸ்ட் டப் என்னும் பாடகரின் பரிந்துரையால் 1950 ஜனவரியில் நாஷ்வில் நகரத்துக் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடை ஏறினார். கேட்டோர் குளிர்ந்த முகமே காட்டினர். அவ்வாண்டே 'ஐ'ம் மூவிங் ஆன்' வெளிவந்து, 21 வாரம் கண்ட்ரிப் பாட்டுப் பட்டியலின் தலையில் நின்றது. காதலியை விட்டு நீங்குவோன் புகைவண்டியைக் கொண்டாடும் பாட்டு அது. அதன் கிட்டாரிலே சக்கரங்கள் உருள்வதைக் கேட்கலாம். நீங்குதலைப் பாடும் அப்பாட்டில் அழுகை இல்லை, களிப்பே உண்டு. நிலையத்தில் ஒதுங்கிக் கிடந்த சிறுவனை அறிந்தோர்க்கு அக்களிப்பின் காரணத்தைச் சொல்ல வேண்டுவதில்லை என்பது நம் கருத்து.

1953-இல் டப்புடன் கொரியா சென்று போர்வீரர்க்குப் பாடினார். 1958-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1962-இல் அவர் பாடிப் புகழடைந்த 'ஐ'வ் பீன் எவ்ரிவேர்' என்பதும் குடியேறிய பாட்டே! ஆஸ்திரேலிய விமானப்படையிற் பணிபுரிந்த ஜெப் மாக், தம் நாட்டு ஊர்ப்பெயர்களை அடுக்கி இயற்றியது அது; அமெரிக்க ஊர்ப்பெயர்களை மாற்றியமைத்தபின் ஸ்நோ அதனை மூச்சுத் தடுமாறாது பாடினார். நாவிற்கு அது எளிய செயலன்று. ஐயமுறுவோர் நம் ஜில்லாவின் ஊர்ப்பெயர்களை வைத்து முயன்று பார்க்கலாம்.

துன்புறும் குழந்தைகளைக் காக்கும் பொருட்டு ஓர் அறநிலையத்தையும் அவர் நிறுவினார். 1999 டிசம்பர் 20-ஆம் நாள், தம் 85-ஆம் வயதில் டென்னஸியில் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த நினைவுக் காட்சிசாலைக்கு இடந்தந்தது லிவர்ப்பூல் ஊரின் பழைய புகைவண்டி நிலையம்.