வாசிகசாலையில் ஒரு கதை: வாசகர் வட்டம் தொடங்குவது எப்படி?

நீர்வேலியில் ஒரு வாசகர் வட்டம் தொடங்குவோமா என்று கேட்டால், "இப்ப புத்தகம் வாசிக்க ஆர் வருவினம்?" என்ற பதில்தான் முதலில் வரும். ஆனால் சேர்ந்து வாசிக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்து ஊர்களை விட்டுப் போகவில்லை. பெருங்கதை விரதத்தின் 21 நாளும் கோயில்களில் பிள்ளையார் கதை படிக்கிறார்கள். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம் படிக்கிறார்கள். கந்தபுராணப் படிப்பு இன்னும் நீளமானது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்வார், அதாவது பொருளை விளக்குவார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களும் 10,000க்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்த நூலின் கதையை அறிந்தது இந்த வழியால்தான். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்றே சொன்னார்.

புதிய வட்டமும் உரக்க வாசித்துக் கேட்கும் இந்த முறையையே எடுத்துக்கொள்ளலாம். தடித்த நாவல் ஒன்றை எல்லோருக்கும் சொல்லி, அடுத்த மாதம் வாசித்துவிட்டு வாருங்கள் என்றால், பாதிப்பேர் வாசித்திருக்க மாட்டார்கள். வாசிக்காமல் எப்படிப் போவது என்ற கூச்சத்தில் வராமலும் நின்றுவிடுவார்கள். கூட்டத்திலேயே ஒரு சிறுகதையை உரக்க வாசித்தால் இந்தச் சிக்கல் இல்லை. பிரதியும் ஒன்றே போதும்.

தொடங்குவதற்கு இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்' நல்ல கதை. வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குப் போன இளம் கணவன் மனைவிக்கு இடையில், தொலைந்துபோன ஒரு பாதசரத்தால் மனஸ்தாபம் வருகிறது. வாசித்து முடித்ததும், "பிழை ஆற்ற பக்கம்?" என்று மட்டும் கேளுங்கள். கூட்டத்துக்கு வந்த பாட்டிக்கு ஒரு நியாயம் இருக்கும், புதிதாகக் கலியாணம் செய்த பேரனுக்கு வேறொரு நியாயம் இருக்கும். இருவரும் கதைக்கத் தொடங்கினால் அன்றைய கூட்டம் வெற்றி.

அடுத்தடுத்த கதைகளுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளம் உதவும். ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் அங்கே பெருந்தொகையாக இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்தால் கண்பார்வை குறைந்த முதியவரும் வாசிக்கலாம்.

இடத்துக்கு அலைய வேண்டாம். காலையில் பேப்பர் பார்க்க வரும் ஆட்களோடு சரியாகிவிடும் சனசமூக நிலையங்களின் வாசிகசாலைகள் பின்னேரத்தில் பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன. நிர்வாகத்திடம் மாதத்தில் ஒரு பின்னேரம் கேளுங்கள். தோட்ட வேலையும் பிள்ளைகளின் ரியூசனும் முடியும் நேரமாகப் பாருங்கள். பெண்கள் இருட்டுமுன் வீடு திரும்பக்கூடியதாகவும் இருக்கட்டும்.

தலைமையுரை, வரவேற்புரை, நன்றியுரை மூன்றையும் விட்டுவிடுங்கள். ஊரில் எத்தனையோ நல்ல கூட்டங்களின் நேரத்தைத் தின்றவை அவைதான். படித்தவர் ஒருவரே முழுநேரமும் விளக்கம் சொன்னால், மற்றவர்கள் மாணவர்களாகி வாய் மூடிவிடுவார்கள். அவர் கடைசியாகப் பேசுவது நல்லது.

நாலு பேர்தான் வந்தார்கள் என்று சோர வேண்டாம். 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு நூலகம்தான் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வித்து. 1981இல் எரிக்கப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அதுவரை காத்திருக்காமல், இந்த மாதமே ஒரு கதையோடு உங்கள் வாசிகசாலைக்குப் போங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.